அலைக்கு ராத்தங்க ஓர் இடம்

ஒரு பிக்கப் வண்டி, அதன் பின்னால் ஒரு டிரெய்லர், அந்த டிரெய்லருக்குப் பின்னால் இன்னொரு டிரெய்லர் என்று ரயில் மாதிரி கோத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்களுக்குப் பகலில் ஒரு பாடு என்றால் பொழுது சாயும்போது ஆயிரம் பாடு. தனி வண்டிக்காரன் எந்த வேப்பமரத்தடியிலும் ஒதுங்கிவிடுவான், ஒற்றை டிரெய்லர்காரன்கூட முன்னே பின்னே ஒடித்து ஒடித்து எப்படியோ திரும்பிவிடுவான், ஆனால் இரண்டைக் கட்டி இழுக்கிறவன் ரிவர்ஸ் என்ற சொல்லையே மறந்துவிட வேண்டும், பின்னால் தள்ளினால் முதல் டிரெய்லர் ஒரு பக்கம் இழுக்கும், இரண்டாவது மறுபக்கம் மடங்கும், இரண்டையும் கோக்கிற கொண்டி முறியும், அத்தோடு சரி. அதனால் நீலாயதாட்சியும் அவள் புருஷன் வைரக்கண்ணுவும் சாயங்காலம் ஆனால் ஒன்றே ஒன்றைத்தான் தேடுவார்கள்: உள்ளே நுழைய ஒரு வாசல், வெளியே போக வேறொரு வாசல். பெட்ரோல் பங்கா, பரவாயில்லை. எடைமேடையா, பரவாயில்லை. நெல் காயப்போடுகிற களமா, அதுவும் பரவாயில்லை. கூப்பிட்டுச் சோறு போடுகிற கோயிலாகவே இருந்தாலும் வாசல் ஒன்றுதான் என்றால் வெளியிலிருந்தே கும்பிட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

முதல் டிரெய்லரில் பாத்திரம் பண்டம், பாய், தலையணை, ஸ்டவ், பழைய ஐஸ் பெட்டி எல்லாம் இருந்தன. இரண்டாவதில், மேலே திறந்த இரும்புத் தொட்டிக்குள், ஓர் அலை இருந்தது.

கடலலைதான். ஊரை வாரிக்கொண்டு போகிற ரகமெல்லாம் இல்லை. முழங்கால் உயரத்துக்கு வந்து, நாலு கிளிஞ்சலைப் புரட்டிப் போட்டுவிட்டுத் திரும்புகிற, யாரும் ஏறெடுத்துப் பார்க்காத சாதாரண அலை. அதுதான் ஒரு காலையில், மீன்கூடை கழுவப் போன அவர்கள் மகள் ரஞ்சனியைக் கொண்டுபோனது. நீலா கூப்பிடு தூரத்தில்கூட இல்லை, கை நீட்டும் தூரத்தில் நின்று வியாபாரியிடம் சங்கரா மீனுக்கு விலை பேசிக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்த்தபோது கூடை இருந்தது, பிள்ளை இல்லை. குப்பத்து ஆம்பிளைகள் அத்தனை பேரும் படகு இறக்கித் தேடினார்கள், வலையை வீசித் தேடினார்கள், கரையோடு நடந்து நடந்து அடுத்த ஊர் முகத்துவாரம் வரைக்கும் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

அப்புறம் ஒருநாள் அந்த அலை திரும்பி வந்தது. வந்தது, போகவில்லை. மற்ற அலைகளெல்லாம் அதன் மேல் ஏறி இறங்கித் திரும்பிப் போக, இது மட்டும் மணலில் ஏறி, ஏறி, வைரக்கண்ணுவின் வீட்டு வாசல் வரைக்கும் வந்து நாய் மாதிரி படுத்துக்கொண்டது; அதன் ஓரத்தில் ரஞ்சனியின் ஒற்றைச் செருப்பு சுற்றிச் சுற்றி வந்தது. அதே அலைதான் என்று எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால் அவர்களுக்குக் கடலோடு பழக்கமில்லை என்று அர்த்தம். மந்தையில் தன் மாட்டை ஒருத்தனுக்கு எப்படித் தெரிகிறது, அப்படித்தான் இதுவும்.

குப்பத்துக்குப் பஞ்சாயத்து பேசுகிற நாட்டார்கள் கூடிப் பேசினார்கள். ஆளை ருசி பார்த்த அலை வீட்டு வாசலில் கிடந்தால் எவன் துணிந்து வலை இறக்குவான்? "வைரக்கண்ணு, ஒன் துக்கம் எங்களுக்கும் துக்கந்தான், இல்லேங்கல. ஆனா இதைக் கடல்ல தள்ளி விட்டுருப்பா" என்றார்கள்.

"எம்புள்ளைய வச்சிருக்கிறவனைப் போய்ட்டு வான்னு அனுப்பச் சொல்றீங்களா?" என்றான் வைரக்கண்ணு.

அவன் கணக்கு இதுதான்: அலை ரஞ்சனியை எங்கேயோ தனக்குள் வைத்திருக்கிறது, கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறவரை அதற்குத் திமிர் அடங்காது, கடல் காற்றே எட்டாத வறண்ட சீமைக்கு இழுத்துக்கொண்டு போனால் தண்ணீர் வற்ற வற்ற அது தானாகவே பிள்ளையைக் கொடுத்துவிடும். பைத்தியக்காரக் கணக்குத்தான். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவன் போடுகிற கணக்கை யார் திருத்துவது, சொல்லுங்கள். ஊரார் எல்லோருமாகச் சேர்ந்து தார்ப்பாய் விரித்து அலையை ஏந்தி அந்த இரும்புத் தொட்டிக்குள் இறக்கிக் கொடுத்தார்கள். அலையும் வம்பு பண்ணாமல் ஏறிக்கொண்டது.

நீலாவுக்கு வேண்டியது அதைவிடச் சின்னது. மகள் உயிரோடு கிடைப்பாள் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அவளை ஒரு தரம் மடியில் கிடத்தி, தலைக்கு எண்ணெய் வைத்து, மஞ்சள் பூசி, நல்ல தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். "அன்னைக்குக் காலைல அது இன்னும் குளிக்கவே இல்லைங்க" என்று வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுவாள். "கையெல்லாம் மீன் செதிலு. அப்படியே போயிருச்சு எம்புள்ள."

இப்படியாக மேற்கே பார்த்துப் போனார்கள். போன இடத்தில் எல்லாம் அலையைப் பார்த்து வாய் பிளந்தவர்கள் என்று யாரும் இல்லை. அவரவர் சொத்துக்கு என்ன கேடு வருமோ என்பதுதான் அவரவர் கவலையாக இருந்தது. பெட்ரோல் பங்க் மேனேஜர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "கடல் தண்ணியா? அப்படின்னா மெஷின் பக்கம் நிறுத்தாத, துரு புடிச்சுரும், அந்தக் கோடிக்குப் போ" என்றார். தென்னந்தோப்புக்காரர் இராத்திரியில் அது பொங்கி வழிந்தால் கிணறு உப்புக் கரிக்கும் என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினார். ஒரு கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் அலையோடு நின்று ஆசை தீர போட்டோ எடுத்துக்கொண்டு, அப்புறம்தான் அது பிள்ளையைக் கொண்டுபோன அலை என்று கேள்விப்பட்டு, தாலி கட்டுகிற இடத்தில் இதென்ன அபசகுனம் என்று பந்தி முடிவதற்குள் கிளப்பி விட்டார்கள். செங்கல் சூளைக்காரர் ஒருவர் மட்டும் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருங்கள் என்றார், ஆனால் அந்த அனலில் அலை தொட்டியின் ஒரு மூலையில் ஒடுங்கிப்போய் நடுங்கியதைப் பார்த்து நீலாவுக்கே மனசு கேட்கவில்லை.

தங்குகிற இடங்களில் சாயங்காலம் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு அலை எழுந்து தொட்டியின் விளிம்பில் எதையாவது கொண்டுவந்து வைக்கும். ஓர் ஊரில் ரஞ்சனியின் ஹேர்பின்னைக் கொடுத்தது. இன்னோர் ஊரில் அவள் கொலுசின் திருகாணி வந்தது. பாவாடை நாடா வந்த அன்று வைரக்கண்ணு வண்டிக்குள் ஏறி ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தான். "பாத்தியா நீலா, கொஞ்சங் கொஞ்சமாக் குடுக்குது. இன்னும் உள்ள போகணும். இன்னும் காஞ்ச ஊருக்குப் போகணும்" என்றான்.

காய்ந்த ஊர் என்றால் வெள்ளக்கரடுதான். மழை எப்படி இருக்கும் என்பதை அங்கே சிறுசுகளுக்குச் சொல்லித்தான் காட்ட வேண்டும். குடிதண்ணீர் லாரியில் வரும், அதுவும் நினைத்தால் வரும். இருட்டுகிற நேரத்தில் ஊருக்கு வெளியே ஆட்டுச் சந்தை கூடுகிற, நீண்டு ஒடுங்கிய மைதானத்தைப் பார்த்தார்கள், சுற்றிலும் மதில், இந்தப் பக்கம் வாசல், அந்தக் கோடியிலும் ஒரு திறப்பு தெரிந்தது. வைரக்கண்ணு வழக்கமாக இறங்கி நடந்து போய், இரண்டாவது வாசலைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை விடுவான். அன்றைக்குக் கண்ணெல்லாம் எரிந்தது, பகல் முழுக்க ஒரு வாய் சாப்பிடவில்லை, பார்த்தால்தான் தெரிகிறதே என்று நேரே விட்டுவிட்டான். கிட்டே போனால் அது வாசலும் இல்லை ஒன்றும் இல்லை, ஆடுகளை ஒவ்வொன்றாக எண்ணி வெளியே விடுவதற்காக மதிலில் வைத்திருக்கிற சந்து. ஆடு போகும், ஆள் போனால் தோள் இடிக்கும்.

"போச்சு" என்றான் வைரக்கண்ணு.

காலையில் சந்தைக் குத்தகைக்காரர் சென்னியப்பன் வந்து பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். "ஏனுங், ரெண்டு நாள்ல சந்தைங்க. பத்தூரு ஆடு வரும். நீங்க என்னடான்னா நட்ட நடுவுல தேராட்ட நிறுத்தி வெச்சிருக்கறீங்க. எடுங்க முதல்ல."

"எடுக்க முடியாதுங்கய்யா. பின்னால வராது இது."

"கழட்டித் திருப்பறது?"

"முன் டிரெய்லரைத் திருப்பிரலாம். பின்னாடி உள்ளதைக் கழட்டினா அலை மூக்குப் பக்கமாச் சாஞ்சுரும், கவுந்துரும். தண்ணி குறைஞ்சாத்தான் கைல தள்ளித் திருப்பலாம்."

"அலையா?" சென்னியப்பன் சக்கரத்தில் காலை வைத்து ஏறி எட்டிப் பார்த்தார். அலை அவர் முகத்துக்கு நேராக ஒரு எழும்பு எழும்பி, மீசையை நனைத்துவிட்டு அடங்கியது. அவர் துண்டால் துடைத்துக்கொண்டு, நாக்கால் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். "உப்பாட்ட இருக்குது" என்றார். "எப்பொக் கொறையும்?"

"வெயில் அடிக்கிற அடியில சீக்கிரம் குறைஞ்சுரும்."

"எங்கூரு வெயிலு அதொண்ணுதான் ஒழுங்கா வேலை செய்யுது" என்று இறங்கிப் போனார்.

சந்தை கூடிய அன்று என்ன நடந்தது என்றால், அத்தனை ஊர் ஆடுகளும் தொட்டியைச் சுற்றி மொய்த்துக்கொண்டன. சிதறிய தண்ணீர் காய்ந்து இரும்பெல்லாம் உப்புப் பூத்திருந்தது, ஆட்டுக்கு உப்பு என்றால் கேட்க வேண்டுமா, முட்டி மோதி நக்கின; நக்கின ஆடு தண்ணீருக்கு அலைந்தது, தண்ணீர் குடித்த ஆடு எடையில் நின்றது, எடை கூடினால் வியாபாரிகளுக்கு வாய் கொள்ளுமா. அடுத்த சந்தைக்கு அவர்களே ஆட்டைக் கொண்டுவந்து தொட்டியோரம் கட்டினார்கள். சென்னியப்பன் வந்து, "தம்பி, அவசரமில்லீங். மெதுவாவே கொறையட்டும்" என்றார்.

இப்படித்தான் வெள்ளக்கரடு அந்த அலையைத் தன் வீட்டு விஷயமாக ஆக்கிக்கொண்டது. முழங்கால் வலிக்காரர்கள் ஏணி கொண்டுவந்து போட்டு, ஏறி, காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார்கள். கடலைப் படத்தில் பார்த்தவர்கள் இதுதானா கடல், இவ்வளவுதானா என்று கேட்டார்கள், இது கடல் இல்லை, கடலில் ஒரு பிடி என்று நீலா சொன்னால், அப்படியென்றால் முழுசாக எவ்வளவு இருக்கும் என்று கண்ணை மூடி நினைத்துப் பார்த்தார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் வந்து பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள், அலை ஒவ்வொருவர் பேருக்கும் ஒரு தடவை எழும்பும். பெண் பிள்ளைகள் யாராவது கூப்பிட்டால் இன்னும் கொஞ்சம் உயர எழும்பி, முகத்தை அடையாளம் பார்ப்பது போல அந்தரத்தில் நின்று, அப்புறம் மெல்ல விழும். நீலா அந்த நேரத்தில் மட்டும் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வாள்.

சந்தை வாசலில் கம்பங்கூழ் விற்கிற துளசிமணி என்று ஒருத்தி. வாய் ஓயாது, கையும் ஓயாது. நீலாவுக்குத் தினமும் ஒரு சொம்பு கூழ் கொண்டுவந்து வைப்பாள், தின்னு என்று அதட்டுவாள். ஆடி அமாவாசையன்று அவள்தான் முதலில் எள்ளும் தண்ணியுமாக வந்து நின்றாள், அவள் பின்னால் பாதி ஊர் நின்றது.

"என்னக்கா இது?" என்றாள் நீலா.

"எங்கூட்டுக்காரரு போயி மூணு ஆடி ஆச்சு அம்மிணி. சாகறப்பவே கடல்ல எள்ளுத் தண்ணி விடோணும்னு கேட்டுட்டே இருந்தாரு, ராமேசுவரத்துக்கு எங்க போவேன் நானு? கடலே நம்மூருக்கு வந்திருக்குது. ஒரு கை விட்டுக்கறேன்."

நீலாவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, தொட்டியை மறித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "எம்புள்ள இருக்கு இதுல! செத்தவங்களுக்கு உட்ற எள்ளை எம்புள்ள தலைல கொட்டுவீங்களா? போங்க எல்லாரும்!"

துளசிமணி எள்ளை மடித்து மடியில் கட்டிக்கொண்டு, "செரி அம்மிணி. புள்ள இருக்கறவரைக்கும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள், கூட்டமும் திரும்பியது. அன்றைக்கும் கூழ் வந்தது. அதைக் குடிக்கும்போதுதான் நீலா தேம்பித் தேம்பி அழுதாள், எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை.

வெயில் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. தொட்டியில் பாதிக்கு மேல் இருந்த தண்ணீர் பாதிக்குக் கீழே போயிற்று, அப்புறம் கால்வாசி, அப்புறம் கணுக்காலளவு. தண்ணீர் குழம்பு மாதிரி கெட்டியானது. பிள்ளைகள் கூப்பிட்டால் அலை எழும்பப் பார்க்கும், முடியாமல் சரியும். விளிம்பில் எதையும் கொண்டுவந்து வைப்பதும் நின்றுபோனது. தண்ணீர் இவ்வளவு குறைந்த பிறகு தொட்டியைக் கையாலேயே தள்ளித் திருப்பிவிடலாம், சென்னியப்பன் ஆள் திரட்டித் தருகிறேன் என்று தாமாகவே வந்து சொன்னார், வைரக்கண்ணுதான் வேண்டாம் என்றுவிட்டான். இப்போது போய்க் கிளம்பலாமா, இன்னும் கொஞ்சம்தானே இருக்கிறது.

ஒரு காலையில் அவன் டீ வாங்கப் போயிருந்தபோது நீலா தொட்டிக்குள் இறங்கினாள். அவ்வளவு நாளில் அவள் அதைத் தொட்டதே இல்லை. கெட்டித் தண்ணீருக்குள் கையை முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவினாள். அலை நகர்ந்து வந்து அவள் கையைச் சுற்றிக்கொண்டது, இறுக்கவும் இல்லை, விடவும் இல்லை. அது ரஞ்சனியின் பிடி இல்லை. பெற்றவளுக்குத் தெரியாதா? அது வெறும் தண்ணீரின் பிடி, காய்ச்சல்காரன் பிடிப்பது மாதிரி பலமில்லாத பிடி, உள்ளே யாரும் இல்லை, எந்த நாளும் இருந்ததில்லை. தெரியாமல் ஒரு காரியத்தைச் செய்துவிட்டு, செய்த இடத்திலேயே வந்து விழுந்து கிடக்கிற ஒரு அற்ப அலை, அவ்வளவுதான். அதைத் திட்ட வேண்டும் என்று எத்தனையோ வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள், ஒன்றும் வரவில்லை. "ஒனக்கும் யாருமில்லையா?" என்றுதான் கேட்டாள்.

வைரக்கண்ணு டீயோடு வந்தான். அவள் ஈரக் கையோடு இறங்கி நின்றாள்.

"ஏங்க, இதக் கொண்டுபோய் விட்டுரலாங்க. சாகுதுங்க அது."

"சாகட்டும்."

"பாவங்க."

"பாவமா?" அவன் டீத் தூக்கைக் கீழே வைத்தான். "எம்புள்ளைக்கு இல்லாத பாவம் அதுக்கென்ன வந்துச்சு? இத்தன தூரம் இழுத்துட்டு வந்து, இப்பத்தான் அடி தெரியப் போவுது. அடியில இருக்குடி அது. தூங்கிட்டிருக்கு. நீ பாக்கத்தானே போற."

உள்ளே கைவிட்டுப் பார்த்துவிட்டேன், ஒன்றுமில்லை என்று சொல்ல நீலா வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எந்தப் பெண்டாட்டியாலும் அதைச் சொல்ல முடியாது. "டீ ஆறிடும், குடிங்க" என்றாள்.

ஆவணி பிறந்து ஒரு நடுப்பகலில் அலை செத்துப்போனது. சத்தமில்லை. கடைசியாக இருந்த ஒரு கை தண்ணீர் சின்னதாகச் சுருண்டு, நிமிர்ந்து, ஓரமாக நின்றுகொண்டிருந்த நீலாவின் பக்கம் ஒரு சாண் நகர்ந்து, நகர்ந்த இடத்திலேயே வெளுத்துப்போனது. தொட்டி நிறைய உப்பு, கண் கூசுகிற வெள்ளை. ஊர் சந்தைப்பேட்டையில் கூடியிருந்தது, கூழ்ப்பானையை அப்படியே விட்டுவிட்டுத் துளசிமணி வந்திருந்தாள், சென்னியப்பன் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

வைரக்கண்ணு உள்ளே குதித்தான். மண்வெட்டி கொடுத்தார்கள், பிள்ளை மேல் பட்டுவிடும் என்று தள்ளிவிட்டான். இரண்டு கையாலும் உப்பை வாரினான். வாரி ஓரமாக ஒதுக்கி, ஒதுக்கி, இந்த மூலை பார்த்து, அந்த மூலை பார்த்து, நகக்கண்ணில் ரத்தம் வந்து உப்பு ஏறி எரிந்ததுகூடத் தெரியாமல், "ரஞ்சு, அப்பா வந்துட்டேன்டா, இந்தா வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே வாரினான். அடித்தகரம் டணாரென்று கேட்டது. இன்னொரு இடத்தில் வாரினான், அங்கேயும் தகரம் கேட்டது. தொட்டியின் நாலு மூலையும் தகரமாகத் தெரிந்த பிறகு அவன் நிமிர்ந்து, நீலாவைப் பார்த்து, "இல்லடி" என்றான். "இங்க இல்லடி அது." அப்புறம் அந்த உப்புக் குவியலின் மேல் விழுந்து அழுத அழுகையைக் கேட்டு, ஆட்டைக் கூறுபோட்டு விற்கிறவர்களே மதில் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

யாரும் அவனைத் தேற்றப் போகவில்லை. எதைச் சொல்லித் தேற்றுவது? நீலாதான் ஏறினாள். அவனைத் தேற்றுவாள் என்று பார்த்தால், அவள் அவனைத் தாண்டிப்போய் உப்பில் ஒரு கை அள்ளி, கண்ணீரும் வேர்வையுமாக நனைந்த உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்த்தாள். உப்பு பிடித்தது. இன்னொரு கை அள்ளி அதன் மேல் வைத்து அழுத்தினாள். கீழே நின்ற பெண்களுக்கு முதலில் விளங்கவில்லை, விளங்கியதும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை, கூழ்க்கடையில் ஆட்கள் உட்காருகிற நீள மணைக்கட்டையைக் கொண்டுவந்து துளசிமணி நிழலில் போட்டாள், மற்றவர்கள் கூடை கூடையாக உப்பை இறக்கினார்கள். உடம்பு கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையில் உருவம் செய்து எரிக்கிற வழக்கம் அவர்களுக்கும் தெரியும். இவளுக்கு எரிப்பது முக்கியமில்லை.

"எத்தன ஒசரம் இருக்கும் அம்மிணி புள்ள?" என்றாள் துளசிமணி.

நீலா எழுந்து நின்று, தன் இடுப்புக்குப் பக்கத்தில் கையை வைத்துக் காட்டினாள். "இங்க வரும்."

தொட்டியிலிருந்து இறங்கி வந்த வைரக்கண்ணு அந்தக் கையைப் பிடித்து நாலு விரற்கடை மேலே தூக்கி வைத்தான். "இப்ப வளந்திருக்கும்" என்றான்.

அந்த உயரத்துக்கே செய்தார்கள். தலையை நீலா செய்தாள், நெற்றியில் சின்ன மேடும், இடது காதோரம் முடி ஏறியிருக்கிற இடமும் அவளுக்குத்தானே தெரியும். கால் இரண்டையும் வைரக்கண்ணு செய்தான். கையும் வயிறும் ஊர்ப் பெண்கள் செய்தார்கள், அவரவர் வீட்டுப் பிள்ளையின் கையும் வயிறும்தான் அவர்கள் விரலில் வந்தது, அதனால் என்ன, எல்லாம் ஒன்றுதான். பொழுது இறங்குவதற்குள் மணைக்கட்டையில் ஒரு பெண் குழந்தை மல்லாந்து படுத்திருந்தது.

அப்புறம் தண்ணீர் வந்தது. லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசை வைத்து, வரிசைக்காகக் குடுமிப்பிடிச் சண்டை போடுகிற ஊர் அது. அந்த ஊரில் வீட்டுக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் இடுப்பில் ஏறி, சந்தைப்பேட்டை வாசலில் நுழைந்து வரிசையாக வந்து நின்றது. சென்னியப்பன் ஆடுகளையெல்லாம் வெளியே ஓட்டி, மதில் சந்துக்கு ஒரு பலகையைச் சாத்திவிட்டு வந்தார். யாரோ மஞ்சள் அரைத்துக் கொண்டுவந்தார்கள், யாரோ நல்லெண்ணெய்.

நீலா சம்மணம் போட்டு உட்கார்ந்து தலையை மடியில் ஏந்திக்கொண்டாள். உச்சியில் எண்ணெய் வைத்தாள். கன்னத்துக்கும் கழுத்துக்கும் மஞ்சள் பூசினாள். துளசிமணி முதல் குடத்தைச் சரித்தாள்.

"மெதுவாக்கா" என்றாள் நீலா. "கண்ணுல போயிரும்."

குனிந்து, "கண்ண மூடிக்க ரஞ்சு. சித்த நேரந்தான், அம்மா முடிச்சிடுறேன். எத்தன தடவ சொல்றேன், கூடையத் தொட்டா ஒடனே கை கழுவணும்னு? இங்க பாரு, எம்மா அழுக்கு" என்று உள்ளங்கையைத் தேய்த்தாள், தேய்க்கத் தேய்க்க விரல்கள் கரைந்து அவள் விரல்களுக்கிடையில் வழிந்தன. வைரக்கண்ணு காலடியில் உட்கார்ந்து பாதத்தைக் கழுவினான். குடம் குடமாக ஊற்றினார்கள். தோள் கரைந்தது, முழங்கால் கரைந்தது, வயிறு குழிந்து ஓடியது, நெற்றி மேடும் காதோர முடியும் போயின, நீலா ஒரு இடம் விடாமல், முதுகைத் திருப்பி, கக்கத்தைத் தூக்கி, காதுக்குப் பின்னால் விரலை விட்டு, அவசரமே இல்லாமல், அன்றைக்குக் காலையில் விட்டுப்போனதையெல்லாம் சேர்த்து வைத்துக் குளிப்பாட்டினாள். சுற்றி நின்ற பெண்கள் ஒப்பாரி வைக்கவில்லை. குளிக்கிற பிள்ளைக்கு முன்னால் யாராவது அழுவார்களா?

கடைசிக் குடமும் ஊற்றியாயிற்று. மணைக்கட்டை பளிச்சென்று இருந்தது, மடியில் ஈரம் மட்டும்தான் இருந்தது. குளிப்பாட்டி முடித்தவளுக்குத் துண்டு நீட்டுகிற பழக்கத்தில் துளசிமணி ஒரு வெள்ளைத் துண்டை நீட்டிவிட்டாள், நீட்டிய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள், ஆனால் நீலா அதை வாங்கிவிட்டாள். வாங்கி, உதறி, இரண்டு கையிலும் விரித்துப் பிடித்தபடி, இனி யாரைத் துவட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

காலடியில் தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்த வைரக்கண்ணு முழங்காலாலேயே நகர்ந்து வந்து, அந்தத் துண்டுக்குள் தன் தலையைக் குனிந்து கொடுத்தான். அவள் துவட்டினாள்.